மூன்று நாள் முந்திப் பிறந்தவர்

வேலூர் பக்கத்து அகதி முகாம் ஒன்றிலிருந்து அக்காவும் தங்கையும் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு என்னைத் தேடி வந்தார்கள். (ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். அக்கா ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் அகதி முகாமில் பிறந்தவர். மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்த பிறப்புச் சான்றிதழ் லேமினேட் செய்யப்பட்டிருந்தது.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் எழுதித் தரும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “ஜூலை 87 போட்டிருக்கு, உங்களுக்குக் கிடைக்காது” என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். அவர் பார்த்தது பதிவு செய்த தேதி, 9.7.1987. பிறந்த தேதி சற்று மேலே இருந்தது. லேமினேஷனுக்குள் காற்றுக் குமிழி விழுந்து அந்த வரி மங்கியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது: 28.6.1987.

ஜூலை 1-க்கு மூன்று நாள் முந்திப் பிறந்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே இல்லை; வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 1.7.1987 முதல் பிறந்தவருக்குத் தாய், தந்தையில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 3.12.2004 முதல் இன்னும் இறுக்கிவிட்டார்கள்: ஒருவர் மட்டும் இந்தியர் என்றால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அக்காவின் வழக்குக்கு அந்தத் தீர்ப்பு பெரிய பலம்.

தங்கை 1990இல் பிறந்தவர். “நானும் இங்கதானே பிறந்தனான், ஐயா?” என்றார். ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது. பிறப்புச் சான்றிதழும் எங்கே, எப்போது பிறந்தார் என்பதைத்தான் சொல்லும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் வழிவிட்ட அண்டை நாடுகளில் இலங்கை இல்லை. 9.1.2015 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு 2025 செப்டம்பரில் மத்திய அரசு கொடுத்த விலக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மட்டும்தான். அதைக் குடியுரிமை என்று முகாமில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவர் இந்தியர், மற்றவர் இல்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

அவர் மடியில் பத்து மாதக் குழந்தை. கணவரும் முகாம்வாசி, இலங்கையின் மன்னாரில் பிறந்தவர். இந்தியச் சட்டப்படி அந்தக் குழந்தை இந்தியர் ஆகாது. இலங்கைச் சட்டமோ, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. தாமதமானால் தக்க காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் குழந்தை எந்த நாட்டுக்கும் இல்லாமல் போய்விடும். முகாமில் பலர், “பதிந்தால் இங்கிருந்து அனுப்பிவிடுவார்கள்” என்று பயந்து சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போக, கணவரின் மன்னார்ப் பிறப்புச் சான்றிதழைத் தேடச் சொல்லி அனுப்பினேன். அதை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள் என்றும் சொன்னேன்.