கடைக் கணினிக்குள் யார் யார் வருகிறார்கள்?

கடலூரில் கிடங்கு, புதுச்சேரியில் கடை. பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் இவை இரண்டு மாநிலங்கள்: இங்கே பதிவு எண் 33 என்று தொடங்கும், அங்கே 34. ஒரே முதலாளியின் சரக்கு இங்கிருந்து அங்கே போனாலும் மாநிலங்களுக்கு இடையேயான வரியான ஐஜிஎஸ்டியுடன் பில் போட வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் வேண்டும். பில் போடுகிறவர் ஓரிடம், லாரியில் ஏற்றுகிறவர் ஓரிடம், ஆடிட்டர் வேறோர் ஊர். வீட்டிலிருந்து வேலை என்றால் பெருநகர ஐடி கம்பெனிகள்தான் நினைவுக்கு வருகின்றன. எங்கள் பக்கத்து மளிகை மொத்த வியாபாரியும், பண்ருட்டி முந்திரி வியாபாரியும் அதை எந்தப் பெயரும் வைக்காமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கடைகளுக்கு நெட்வொர்க்கும் டேலி போன்ற கணக்கு மென்பொருளும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். தரவைக் கடைக்கு வெளியே வைக்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல், அதன் பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீரோடு பெருகி வந்த தென்பெண்ணை என்று இயற்கையே எடுத்துவிட்டது. தரைத்தளத்தில் இருந்த சிபியு தண்ணீரில் ஊறிப்போனவர்கள் மறுவாரமே எங்களைக் கூப்பிடுகிறார்கள்: “சார், எங்கிருந்து வேண்டுமானாலும் டேலியைத் திறக்கிற மாதிரி செய்து கொடுங்கள்.” செய்து கொடுக்கலாம். அந்த அவசரத்தில் எதைத் திறந்து விடுகிறோம் என்பதுதான் கேள்வி.

பல கடைகளில் நான் பார்ப்பது இதுதான். இணைய நிறுவனத்திடம் பணம் கட்டி நிலையான ஐபி எண் வாங்கியிருப்பார்கள். ரூட்டருக்குள் போய் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை, கடையின் முக்கியக் கணினியான சர்வருக்குத் திருப்பி விட்டிருப்பார்கள். தொலைவிலிருந்து திரையைத் திறக்கும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வசதி காத்திருக்கும் எண் அது. முதலாளி வீட்டிலிருந்து ஐபி எண்ணைத் தட்டினால் கடைத் திரை வந்துவிடும். அமைத்துக் கொடுத்தவருக்கு அரை மணி நேர வேலை, முதலாளிக்குப் பெரிய சந்தோஷம். அந்தத் திரை முதலாளிக்கு மட்டும் வருவதில்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் கடையும் இப்படித்தானா என்று சந்தேகம் இருந்தால், விண்டோஸ் சர்வரில் நிகழ்வுகளின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். தோற்றுப்போன ஒவ்வொரு உள்நுழைவு முயற்சியையும் விண்டோஸ் அந்த எண்ணில்தான் குறித்து வைக்கிறது. வெளியுலகுக்குத் திறந்து கிடக்கும் சர்வரில் அது பக்கம் பக்கமாக ஓடும். இரவு இரண்டு மணி ஒரு விநாடி, நான்கு விநாடி, எட்டு விநாடி. பெயர்களைப் படியுங்கள்: அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர், அக்கவுண்ட்ஸ், டேலி. யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டுவதில்லை. இணையத்தில் இருக்கும் ஐபி எண்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இவை. அவற்றுக்குப் பெரிய கம்பெனியும் ஒன்றுதான், மஞ்சக்குப்பத்துப் பெயின்ட் கடையும் ஒன்றுதான். “எங்கள் சின்னக் கடையை யார் தேடி வரப்போகிறார்கள்?” என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் திரையைக் காட்டுவேன். கடையின் பெயரோடு 123 சேர்த்த கடவுச்சொல் எத்தனை நாள் தாங்கும் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். 3389-ஐ 3390 என்று மாற்றி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. தட்டுகிற நிரலுக்கு அடுத்த எண்ணையும் தட்டத் தெரியும்.

உள்ளே வந்தவன் முதலில் சத்தம் போட மாட்டான். பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடுவான். அதை அழித்துவிட்டு, மற்ற கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, அதன் பிறகுதான் பணம் கேட்டு ஒரு குறிப்பை வைப்பான். பெரும்பாலும் சனிக்கிழமை இரவுக்கு மேல். திங்கள் காலையில்தான் தெரியவரும்.

சரியான வழி கடினமானதல்ல. ரூட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்காமல், முதலில் விபிஎன் என்னும் பூட்டிய தனிப்பாதை வழியாக உள்ளே வந்து, அதற்குப் பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பைத் தொட வேண்டும். டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளுக்கு நிலையான ஐபிகூட வேண்டாம். இரண்டு முனையிலும் நிறுவி, அனுமதித்த கருவிகள் மட்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி செய்துவிடலாம். மாதாமாதம் ஐபிக்குக் கட்டும் பணமும் மிச்சம். ஒன்று கவனிக்க வேண்டும்: விபிஎன் போட்டாகிவிட்டது என்று டேலியின் தரவு ஃபோல்டரையே புதுச்சேரிக் கணினியில் பகிர்ந்து திறக்கக் கூடாது. ஒவ்வொரு பதிவுக்கும் கோப்பின் துண்டுகள் இங்கும் அங்கும் ஓடும். ஆமை வேகத்தில் நகரும், நடுவில் இணைப்பு அறுந்தால் தரவே கெட்டுப்போகலாம். டேலி கடலூர் சர்வரிலேயே ஓடட்டும், திரை மட்டும் புதுச்சேரிக்கு வரட்டும். திரையின் படம் மட்டும் போய்வருவதற்குச் சாதாரண ஃபைபர் இணைப்பே போதும்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைவிலிருந்து திரையைத் திறக்கும் செயலிகள் போர்ட் பிரச்சினையைத் தவிர்க்கின்றன. ஆனால் அங்கே வேறொரு வியாதி. ஆளில்லாத நேரத்திலும் உள்ளே வருவதற்கு ஒரு நிரந்தரக் கடவுச்சொல் வைத்து, அதைக் கணக்கர், ஆடிட்டர் ஆபீஸ் பையன், பிரிண்டர் சரிசெய்ய வந்தவர், வேலையை விட்டுப் போன பழைய கணக்கர் என எல்லோரிடமும் கொடுத்து வைத்திருப்பார்கள். மாற்றினால் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்ல வேண்டுமே என்று மாற்றுவதே இல்லை. எனிடெஸ்க் நிறுவனம் தன் சர்வர்களிலேயே ஊடுருவல் நடந்ததாக 2024 பிப்ரவரியில் அறிவித்து, வாடிக்கையாளர்களைக் கடவுச்சொல் மாற்றச் சொன்னது. எனக்குத் தெரிந்த கடைகளில் அந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை. ஆடிட்டர் ஆபீசிலிருந்து வருகிறார்கள் என்றால், கடையில் இருப்பவர் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் திரை திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் மூட வேண்டும். நிரந்தர அனுமதி முதலாளிக்கு மட்டும் போதும், அதுவும் இரண்டு படிச் சரிபார்ப்போடு.

இதே செயலிகள் போன் மோசடிக்கும் பயன்படுகின்றன. மின் கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று குறுஞ்செய்தி வரும். அதில் உள்ள எண்ணைக் கூப்பிட்டால் ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். ரிசர்வ் வங்கி 2019-லேயே இது பற்றி வங்கிகளை எச்சரித்தது. கடைப் போனில் ரிமோட் செயலி ஏற்கெனவே இருந்தால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஓடிபி விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் எல்லா வரி செலுத்துவோருக்கும் கடவுச்சொல்லோடு ஓடிபியும் கட்டாயம். இதற்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த தீர்வு, முதலாளியின் போனுக்கு வரும் ஓடிபியைக் கடை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவது! பாதுகாப்புக்காக வந்த ஏற்பாட்டை இதைவிட நன்றாகக் கெடுக்க முடியாது. பில் போடும் ஒவ்வொருவருக்கும் அவரவர் கைபேசி எண்ணில் துணைப் பயனர் கணக்கு உருவாக்கத் தளத்திலேயே வசதி இருக்கிறது. குறுஞ்செய்தி தாமதமானால் என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலியில் எண் கிடைக்கும். ஆள் நின்றுவிட்டால் அந்த ஒரு கணக்கை மட்டும் முடக்கினால் போதும். கணினியில் செருகிக் கையெழுத்துப் போடும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் இதே கதைதான். பின் எண்ணை ஸ்டிக்கரில் எழுதி டோக்கன் மேலேயே ஒட்டி, வருடம் முழுக்க சர்வரில் செருகி வைத்திருப்பார்கள். தொலைவிலிருந்து உள்ளே வந்தவனுக்கு அது உங்கள் கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள்.

ஆர்டர் வாங்கும் வாட்ஸ்அப் எண் ஊழியரின் சொந்த எண்ணாக இருக்கக் கூடாது. அவர் போகும்போது வாடிக்கையாளர்களும் போய்விடுவார்கள். கடை எண்ணில் “இணைக்கப்பட்ட சாதனங்கள்” பட்டியலை மாதம் ஒரு முறை பாருங்கள்.

பேக்கப் பற்றிக் கேட்டால் எல்லோரும் “டிரைவில் இருக்கிறது” என்கிறார்கள். டேலி ஃபோல்டரைக் கூகுள் டிரைவோடு ஒத்திசைத்து விட்டால் அது பேக்கப் ஆகாது. இங்கே கோப்பு பூட்டப்பட்டால் பூட்டிய கோப்பு சமர்த்தாக மேலே ஏறிவிடும். பழைய பதிப்புகளை டிரைவ் பொதுவாக 30 நாள் அல்லது 100 பதிப்பு வரைதான் வைத்திருக்கும். எப்போதும் செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்கும் சர்வரோடு சேர்ந்தே போகும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்பது பழைய விதி. கடலோரத்தில் இருக்கும் நாம் அந்த வெளியூரைப் புதுச்சேரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே புயல் இரண்டு ஊரையும் அடிக்கும் என்று பார்த்தாகிவிட்டது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பைத் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மற்றவர்களுக்கும் அது நல்ல பழக்கம். எடுத்த பேக்கப்பை மாதம் ஒரு முறை வேறு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும்: டேலியில் கம்பெனிக் கணக்கு திறக்கிறதா, கடைசி வவுச்சரின் தேதி என்ன, ரொக்க இருப்பு கடையில் காட்டுவதோடு ஒத்துப்போகிறதா. இந்த மூன்றையும் பார்க்காத பேக்கப்புக்கு நான் உத்தரவாதம் தருவதில்லை.

விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை நிரலுக்கு மார்ச் மாத அப்டேட்டிலேயே மருந்து வெளியாகியிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பில் போடும் கணினியில் அது இன்னும் ஓடினால் மாற்றும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மீறி ஏதாவது நடந்துவிட்டால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். உடனே ஃபார்மட் செய்யச் சொல்லும் ஆளிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்; எந்த வழியாக வந்தான் என்ற தடயம் அதில்தான் இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் வங்கிக்கும் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் அந்த நிமிடமே சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் நிறுத்தினால்தான் உண்டு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.