சப்வூஃபர்: உறுமுவதா, அடியில் நிற்பதா?

கோலாலம்பூரில் ஒலிக்கருவி வாங்கப் போகிறவர்கள் அதிகம் சொல்லும் சொல் 'சப்'. புடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் 'சப்' வேண்டும் என்றால் போதும், காருக்கா வீட்டுக்கா என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். மிக ஆழமான சுரங்களை மட்டும் ஒலிக்கும் ஸ்பீக்கருக்குரிய சப்வூஃபர் என்ற முழுச்சொல்லை நம்மவர்களில் பலர் 'அதிர வைக்கும் பெட்டி' என்ற பொருளிலேயே புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் புரிதல் தவறு. சொல்லின் வேரைப் பார்த்தாலே அது விளங்கிவிடும்.

'வூஃப்' என்பது ஆங்கிலத்தில் பெரிய நாயின் குரைப்பொலி. 'ட்வீட்' குருவியின் கீச்சொலி. கூம்பு வடிவ ஒலிபெருக்கியை அமெரிக்கப் பொறியாளர்களான ரைஸும் கெல்லாக்கும் 1925-இல் உருவாக்கிய பிறகு, ஒரே கூம்பால் எல்லாச் சுரங்களையும் ஒழுங்காகத் தர முடியாது என்பது தெளிவாயிற்று. அடுத்த பத்தாண்டில் பேசும் படங்களுக்காகப் பெரிய ஒலியமைப்புகள் கட்டியவர்கள் வேலையைப் பிரித்தார்கள். கனத்த ஒலிக்கு ஒரு பெரிய கூம்பு, மெல்லிய உயரொலிக்கு ஒரு சிறிய கருவி. முன்னதற்கு நாயும் (வூஃபர்) பின்னதற்குக் குருவியும் (ட்வீட்டர்) பெயர் கொடுத்தன.

விலங்கின் குரலைக் கருவிக்குப் பெயராக்குவது தமிழுக்குப் பழகிய வழிதான். தைப்பூசத்தில் மாரியம்மன் கோயில் வெள்ளி இரதம் பத்துமலை நோக்கிப் புறப்படும்போதும், காவடிகள் படியேறும்போதும் கேட்கும் உறுமி மேளத்தை நினைத்துப் பாருங்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தெழுப்பும் அந்த ஒலி புலியின் உறுமலை ஒத்திருப்பதால்தான் அது உறுமி. ஆகவே வூஃபரை 'உறுமொலிபெருக்கி' என்றும், ட்வீட்டரைக் 'கீச்சொலிபெருக்கி' என்றும் தயக்கமின்றிச் சொல்லலாம். இரண்டும் மூலச்சொல்லின் உயிரோட்டத்தை இழக்காத பெயர்கள்.

'ஒலிபெருக்கி' என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஒலியைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். மின்னலையை ஒலியாக மாற்றுவதுதான் ஸ்பீக்கர். மலாய்க்காரர்கள் சொல்லும் 'பெம்பெசார் சுவாரா'வும் இதே பொருளுடையது. பெசார் என்றால் பெரிது, சுவாரா என்றால் குரல். இரண்டு மொழியிலும் வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை.

முன்னொட்டாகிய 'சப்' லத்தீன் மொழியிலிருந்து வந்தது; 'கீழே, அடியில்' என்பது பொருள். அரசு அலுவலகத் தமிழில் நாம் அதைத் 'துணை' ஆக்கிப் பழகியிருக்கிறோம்: துணைக்குழு, துணை ஆய்வாளர். அந்தப் பழக்கத்தில் 'துணை ஒலிபெருக்கி' என்று எழுதத் தோன்றும். ஆனால் இங்கே பேச்சு பதவியைப் பற்றியதன்று, இடத்தைப் பற்றியது. வூஃபர் ஓய்ந்துபோகும் எல்லைக்கும் கீழே, மனிதக் காதின் கீழ் எல்லையான 20 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 அதிர்வு) பக்கம் வரை இறங்குவதே அதன் வேலை. 'தாழொலி' என்பதும் முழுப் பொருத்தமில்லை. தாழ்ந்த குரலில் பேசினான் என்றால் மெதுவாகப் பேசினான் என்றே நமக்குப் படும். பழந்தமிழ் இசையில் கீழ்த்தானத்துக்கு 'மெலிவு' என்று பெயர். வலிவு, சமன் என்பன மற்ற இரண்டு. அருமையான சொல், ஆனால் இன்றைய காதுக்கு அது இளைத்துப்போன ஒலியாகக் கேட்கிறது.

எனக்குச் சரியாகப் படுவது 'அடி'. அடித்தொண்டை என்கிறோம், அடிவயிறு என்கிறோம். ஆழமான ஒலியை உடம்பு உணரும் இடமும் அடிவயிறுதான். ஆகவே 'அடியொலிபெருக்கி' என்பதே சப்வூஃபருக்கு என் பரிந்துரை. மூலச்சொல்லில் இருக்கும் உறுமலை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். காரணம், நன்றாக இசைவித்த அடியொலிபெருக்கி உறுமாது. அது தனியே கேட்கிறதென்றால் ஏதோ தவறு நடந்திருக்கிறது.

இந்தக் கருவிக்கு 'அதிரும் பெட்டி' என்ற பெயர் வரத் திரையரங்கும் ஒரு காரணம். 1974-இல் நிலநடுக்கத்தைப் பற்றிய ஹாலிவுட் படமொன்றுக்காகக் கொண்டுவரப்பட்ட 'சென்சரவுண்ட்' முறை, அடியொலியால் இருக்கைகளையே நடுங்க வைத்தது. பின்னர் வந்த 5.1 முறையில் ஐந்து முழுத் தடங்களோடு சேரும் அந்த '.1' என்பது அடியொலிபெருக்கி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒலிப்பதிவில் தனியே ஒதுக்கப்பட்ட, 120 ஹெர்ட்ஸ் வரை செல்லும் ஒரு தடம். அடியொலிபெருக்கி அதையும் ஒலிக்கும், மற்றத் தடங்களின் அடியொலியையும் ஒலிக்கும்.

வீட்டில் இசை கேட்பவருக்கு முக்கியமானது அந்த இரண்டாவது வேலைதான். 'ஃபுல்ரேஞ்ச்' ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள்; அதற்கு 'முழுவீச்சு' என்று சொல்லலாம். ஒரே கூம்பு எல்லாச் சுரங்களையும் தருவது என்று பொருள். குரலும் வீணையும் அதில் அழகாக இருக்கும். ஆனால் மூன்று, நான்கு அங்குலக் கூம்பால் போதிய காற்றைத் தள்ள முடியாது. 100 ஹெர்ட்ஸை ஒட்டியே பலவும் சோர்ந்துவிடும். எங்கே அது விடுகிறதோ அங்கே அடியொலிபெருக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடம்தான் கிராஸ்ஓவர். 'பிரிப்பு அதிர்வெண்' என்றால் பொருள் விளங்கும். திரையரங்க ஒலித்தரத்துக்காக டாம்லின்சன் ஹோல்மன் வகுத்த டிஎச்எக்ஸ் முறை இதை 80 ஹெர்ட்ஸில் வைத்தது. அந்த ஒலியலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். நம் தலை அதற்கு மிகச் சிறியது என்பதால் ஒலி வரும் திசையைக் காது கண்டுபிடிப்பது கடினம். சிறிய கூம்புக்காகப் பிரிப்பை 100, 120 என்று உயர்த்தினால் திசை தெரியத் தொடங்கும். அப்போது பெட்டியை முதன்மை ஒலிபெருக்கிகளின் அருகிலேயே வைப்பது நல்லது.

ஒயரைச் செருகுவது இணைப்பு மட்டுமே. அதன் பிறகு செய்ய வேண்டியதை 'இசைவித்தல்' என்பேன். மிருதங்கக் கலைஞர் கச்சேரிக்கு முன் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவைப் பசையை அப்பியும் சுரண்டியும் வலந்தலையோடு (வலப்பக்கத் தோலோடு) அதைச் சேர்த்துவைக்கிறாரே, அதே பொறுமை இதற்கும் வேண்டும்.

பொறுமையைச் சோதிப்பது அறை. கிள்ளான் பள்ளத்தாக்கின் வரிசை வீடுகளில் செங்கல் சுவரும் பளிங்குத் தரையும் அடியொலியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 5 மீட்டர் இருந்தால் ஏறத்தாழ 35 ஹெர்ட்ஸில் நிலையலை, அதாவது சுவர்களில் மோதித் திரும்பி அதே இடத்தில் நிற்பதுபோன்ற அலை, எழும். சுவரோரம் அந்தச் சுரம் வீங்கும், நடு அறையில் காணாமல் போகும். மூலையில் பெட்டியை வைத்தால் வீக்கம் இன்னும் கூடும். பக்கத்து வீட்டாருக்கும் அது போய்ச் சேரும். அடியொலிபெருக்கியைச் சற்று நேரம் நம் இருக்கையிலேயே வைத்து, அடியொலி நிறைந்த இசையை ஓடவிட்டு, தரையை ஒட்டிக் காதை வைத்து அறையைச் சுற்றி வாருங்கள். எங்கே சுரங்கள் சமமாகக் கேட்கின்றனவோ அங்கே பெட்டியை மாற்றுங்கள். சமையலறை வாசலோரமாக இருந்தாலும் அதுதான் அதன் இடம்.

பின்பக்கத்தில் 0, 180 என்று குறித்த ஒரு பொத்தான் இருக்கும். அது 'ஃபேஸ்', இயற்பியல் தமிழில் 'கட்டம்'. இரண்டு கூம்புகளும் ஒரே நேரத்தில் முன்னே வருகின்றனவா, ஒன்று வர மற்றொன்று பின்வாங்குகிறதா என்பதைக் குறிக்கும் சொல். பிரிப்பு அதிர்வெண்ணிலேயே ஒரு தொனியை ஒலிக்கவிட்டு நீங்கள் இருக்கையில் அமர்ந்துகொள்ளுங்கள். வீட்டிலுள்ள ஒருவர் பொத்தானை மாற்றிப் பார்க்கட்டும். எந்த நிலையில் ஒலி கூடுகிறதோ அதில் விட்டுவிடலாம்.