குறி ஓரிடம், குண்டு வேறிடம்

வேட்டைத் துப்பாக்கியின் ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்க மேலே பொருத்திய தொலைநோக்கியில், குறுக்குக்கோடு புள்ளியின் நடுவிலேயே நிற்கிறது. குண்டோ ஒரு சாண் தள்ளிப் போய்த் துளைக்கிறது. உடனே கை ஸ்கோப்பின் மேலுள்ள குமிழைத் தேடும். உண்மையில் குமிழ் கடைசியாகத் தொட வேண்டிய இடம்.

கண் பார்க்கும் கோடும் குழல் காட்டும் கோடும் ஒன்றல்ல. ஸ்கோப்பின் நடு, குழலின் நடுவைவிட ஏறக்குறைய 4 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. குண்டு குழலை விட்டதுமே இறங்க ஆரம்பித்துவிடுகிறது. விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும் 100 மீட்டருக்குள் சுமார் 8 செ.மீ. இறங்கிவிடும். இரண்டையும் ஈடுகட்ட, பார்வைக்கோட்டைவிடக் குழல் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். குண்டு கீழிருந்து ஏறிப் பார்வைக்கோட்டைத் தொடும். பெரும்பாலும் அதைத் தாண்டி மேலே போய், தொலைவில் இறங்கும்போது மறுபடி வெட்டும். எந்தத் தூரத்தில் இரண்டும் சந்திக்க வேண்டும் என்று நாம் முடிவு செய்வதுதான் ‘ஜீரோ’. எல்லாத் தூரத்துக்கும் பொருந்தும் ஜீரோ என்று ஒன்று கிடையாது.

100 மீட்டர் ஜீரோவுக்குத் தேவையான அந்தச் சாய்வு எவ்வளவு தெரியுமா? ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிக்கலின் வேர் இங்கேதான். ஸ்கோப்பைத் தாங்கும் இரண்டு வளையங்களுக்கும் இடைவெளி 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று 0.1 மி.மீ. தூக்கியிருந்தால், அதாவது ஒரு தாளின் கனம், 100 மீட்டரில் பிழை 10 செ.மீ. ஆகிவிடும். வளையத்துக்கு அடியில் ஒட்டிய தூசியும் பழைய பிசினும் போதும், இவ்வளவையும் செய்ய.

சரி, எங்கே தொடங்குவது? துப்பாக்கியைத் தாங்கியில் நிறுத்தி, ஒரே வகைத் தோட்டாவில் மூன்று முறை தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும். மூன்று துளைகளும் நெருங்கி விழுந்து, இடம் மட்டும் தள்ளியிருந்தால் அது வெறும் கோணக் கணக்கு. சிதறி விழுந்தால் குமிழைத் தொடவே கூடாது. எங்கோ ஏதோ ஆடுகிறது, அல்லது சுடுபவர் ஆடுகிறார்.

ஆடுவதைப் பிடிக்க விரல் நுனி போதும். முதலில் தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்புறம் வளையமும், அதைத் துப்பாக்கியோடு இணைக்கும் அடித்தகடும் சேரும் இடத்தில் விரலை வைத்து, மறுகையால் ஸ்கோப்பை லேசாகத் தள்ளினால் கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி அடித்தகட்டின் ஸ்க்ரூதான். ஸ்கோப்பைக் கழற்றாமல் அதை எட்ட முடியாது என்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதற்காக வளைய ஸ்க்ரூக்களை மூச்சைப் பிடித்து முறுக்கவும் வேண்டாம். அவற்றுக்கு 2 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கே வழக்கம். அதிகமானால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும்.

எதுவும் ஆடாமலே சிதறினால் பேரலாக்ஸை, அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரியும் பிழையை, சந்தேகிக்கலாம். துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். குறுக்குக்கோடு இலக்கின் மேல் ஊர்ந்தால், இலக்கின் பிம்பமும் கோடும் ஒரே தளத்தில் இல்லை. பல வேட்டை ஸ்கோப்களில் இவை 100 கெஜத் தூரத்தில் ஒன்றாகும்படி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். வேறு தூரத்தில் சுடும்போது கண்ணை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைப்பதுதான் வழி.

இப்போது குமிழுக்கு வரலாம். ஸ்கோப்புக்குள் ஒரு சிறு குழாய் இருக்கிறது. குமிழின் திருகு ஒரு பக்கம் அதைத் தள்ள, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் தாங்குகிறது. குமிழ் ஒரு படி திரும்புவதுதான் கிளிக். வழக்கமான கால் நிமிடக் கோண (ஒரு நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும்; 14 செ.மீ. பிழைக்கு 20 கிளிக். அதே கிளிக் 50 மீட்டரில் பாதிதான் நகர்த்தும். குமிழிலுள்ள அம்பு வழக்கமாகக் காட்டுவது குண்டு நகரும் திசையை.

குமிழை எல்லைவரை திருகியும் போதவில்லையா? அங்கேயே நிறுத்துங்கள். எல்லையருகே ஸ்பிரிங்கின் பிடி தளரலாம். சுடும் அதிர்வில் உள்குழாய் இடம் மாறும். கோளாறு வளையத்திலோ அடித்தகட்டிலோ இருக்கிறது. ஸ்கோப்பின் முன்முனையில் முகம் பார்க்கும் தட்டைக் கண்ணாடி ஒன்றை ஒட்டினாற்போல் வைத்து, குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள்: குறுக்குக்கோடும் அதன் நிழல் போன்ற பிம்பமும் தெரியும். இரண்டும் ஒன்றாகும்வரை குமிழ்களைத் திருகினால் உள்குழாய் நடுவுக்கு வந்துவிடும். அங்கிருந்து வளையங்களைச் சரிசெய்வது எளிது.

கடைசியாக ஒரு சோதனை. 20 கிளிக் மேலே, 20 வலப்பக்கம், 20 கீழே, 20 இடப்பக்கம் என்று திருகி, திருப்பத்துக்கு ஒரு முறை சுட்டால் தாளில் சதுரம் விழ வேண்டும். கடைசிக் குண்டு தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் கோளாறு ஸ்கோப்புக்குள்தான். அதை வீட்டில் பிரிக்க வேண்டாம்: உள்ளே நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்பைத் திறந்தால் ஈரம் புகுந்து லென்ஸ் உள்ளிருந்தே பனிக்கும்.