அரிமானம்: துருவுக்கு முந்திய சொல்

திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் தார்சு வீட்டின் கூரையில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தால், ‘துருப்பிடித்துவிட்டது’ என்பார்கள். உண்மைதான். ஆனால் துரு என்பது விளைந்து முடிந்த பொருள். இரும்பு ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் கூடி ஆகிப்போன செம்பொடி. அதை விளைவிக்கும் நிகழ்வுக்குப் பெயர் அரிமானம். இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் துரு கண்ணில் படும்வரை காத்திருக்கிறோம்.

துரு நம் வட்டாரத்தின் பழைய சொல். வாளையார் தாண்டினால் மலையாளத்தில் துரும்பு. திம்பம் மலையேறி அப்பால் போனால் கன்னடத்தில் துக்கு. தெலுங்கில் துப்பு. ஆனால் இது இரும்புக்கு உரியது. செம்புக்குடத்தில் பச்சையாகப் படிவதைக் களிம்பு என்கிறோமே தவிர, துரு என்பதில்லை. எல்லா உலோகத்துக்கும் பொதுவாக நிற்க வேறு சொல் தேவைப்பட்டது.

அரிமானத்தின் வேர் ‘அரி’. கறையான் நிலைக்கதவை அரிக்கிறது. வெள்ளம் ஆற்றங்கரையை அரிக்கிறது. ஆங்கிலத்தார் சொல்லும் ‘கரோஷன்’ இலத்தீனில் கொறித்தலைக் குறிக்கும் ‘ரோடெரெ’ என்ற வினையிலிருந்து வந்தது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றன. ‘அரிப்பு’ என்றே விட்டிருக்கலாம். ஆனால் மண்ணும் தோலும் அதை முன்பே எடுத்துக்கொண்டன. கட்டுமானம், செரிமானம் என்பவற்றில் வரும் அதே ‘மானம்’ சேர்ந்து அரிமானம் தனிச்சொல்லானது. கட்டுமானத்துக்குப் பகை அரிமானம் என்று ஓசையிலேயே நினைவில் நிற்கிறது.

கான்கிரீட்டுக்குள் கம்பி ஏன் முதலில் அரிபடுவதில்லை? சிமெண்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊடுருவிக் காரத்தைக் குறைத்தாலோ, உப்பின் குளோரைடு நுழைந்தாலோ அந்தப் படலம் உடைகிறது. சாயம் ஏற உப்புப் போடும் ஊர் திருப்பூர். நொய்யல் ஓரத்துக் கிணற்று நீரில் அந்த உப்பு எவ்வளவு கலந்தது என்பதை ஒரத்துப்பாளையம் பக்கத்து உழவர்களைக் கேட்டால் தெரியும். கம்பி இட்ட கான்கிரீட் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. வீடு கட்டுகிறவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் கலவையில் ஊற்றக் கூடாது என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

படலம் உடைந்த கம்பி ஒரு மின்கலமாகிறது. ஓரிடம் எலக்ட்ரானை இழந்து கரைகிறது. அதே கம்பியில் வேறோரிடம் அதைப் பெறுகிறது. பிறக்கும் துரு, தின்னப்பட்ட இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெரிசலில்தான் காரை வெடிக்கிறது.

உள்ளே மின்சாரம் ஓடுவதால் அதை வெளியிலிருந்தே அளக்கலாம். பொள்ளாச்சியில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல மேஸ்திரி சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனையே. ஆனால் காரை உள்ளே விட்டுப்போன பிறகுதான் ஓசை மாறும். அதற்கு முன்பே சொல்வது அரைமின்கலச் சோதனை. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் செப்புக் கம்பி நிற்கும் குழாயை ஈரமாக்கிய கான்கிரீட்டின்மேல் வைத்து, வோல்ட்மீட்டரின் மறுமுனையை உள்ளிருக்கும் கம்பியோடு இணைக்கிறார்கள். அளவு மைனஸ் 200 மில்லிவோல்ட்டுக்கு மேலே இருந்தால் அரிமானம் இல்லை என்பதற்கு 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 350-க்கும் கீழே இறங்கினால் அரிமானம் நடக்கிறது என்பதற்கு அதே வாய்ப்பு. இடைப்பட்டதில் உறுதியில்லை. எவ்வளவு வேகத்தில் அரிக்கிறது என்பதையும் இந்த அளவு சொல்லாது.

கட்டடத்தை உடைக்காமல் உள்ளே பார்க்கும் இவ்வகைச் சோதனைகளை எப்படி அழைப்பது? ஊறு என்றால் சேதம்; ‘ஊறிலா ஆய்வு’ என்ற சொல்லின் அழகு எனக்குப் பிடிக்கும். ஆனால் கொத்தனார் அதை நீர் ஊறாத ஆய்வு என்றே கொள்வார். மேலும், வோல்ட்மீட்டரின் ஒயரைப் பிடிக்க ஓரிடத்தில் கம்பி தெரியும் அளவுக்குக் கொத்தத்தான் வேண்டும்; சிறிதென்றாலும் அது ஊறு. ‘சிதைவிலாச் சோதனை’ என்பதே பொருந்துகிறது. கொத்திய இடத்தை ஒரு கரண்டிக் கலவையால் பூசிவிடலாம்.