டைக்ரோயிசம் – ஈருட்கவர்வு

காந்தப் பொருள்களை அதிவேக எக்ஸ் கதிர்த் துடிப்புகளால் ஆராய்பவர்கள் அடிக்கடி ஆளும் சொல் 'டைக்ரோயிசம்'. கிரேக்கத்தில் இரண்டைக் குறிக்கும் முன்னொட்டும் நிறத்தைக் குறிக்கும் வேர்ச்சொல்லும் கூடிப் பிறந்தது இது. கரூர், காங்கேயம் வட்டாரத்தில் கிடைக்கும் அயோலைட் கல் ஒரு திசையில் ஊதா கலந்த நீலமாகவும், திருப்பிப் பிடித்தால் வெளிறிய மஞ்சளாகவும் தெரியும். அக்கனிமத்துக்கு முன்பு 'டைக்ரோயைட்' என்றே ஒரு பெயர் இருந்தது. அங்கே 'இருநிறத்தன்மை' என்னும் தமிழாக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

காந்த ஆய்விலோ கண்ணுக்குத் தெரியும் நிறம் எதுவும் இல்லை. வலஞ்சுழியாக முனைவாக்கம் பெற்ற (அதாவது மின்புலம் ஒரே பக்கமாகச் சுழன்றபடி செல்லும்) எக்ஸ் கதிரையும் இடஞ்சுழிக் கதிரையும் காந்தமேறிய இரும்பு வெவ்வேறு அளவில் உட்கவர்கிறது என்பதை 1987இல் ஜெர்மனியில் கிசெலா ஷூட்ஸ் குழுவினர் காட்டினர். காந்தத் திசையைப் புரட்டினால் அவ்வேறுபாட்டின் கூட்டல்–கழித்தல் குறியும் புரளும். ஆகவே 'ஈருட்கவர்வு' என்பதே விளைவைச் சரியாகச் சுட்டும் என்பது என் கருத்து. (முனைவாக்கத்துக்குப் பாடநூல்களில் பயிலும் 'தளவிளைவு' இங்கே உதவாது, 'வட்டத் தளவிளைவு' என்றால் தளமா, வட்டமா என்ற குழப்பமே மிஞ்சும்.)

இதன் பயன் வேகத்தில் வெளிப்படுகிறது. 1996இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில், 60 ஃபெம்டோ நொடி (ஃபெம்டோ நொடி என்பது பிக்கோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு) லேசர் துடிப்பு பட்ட நிக்கல் படலம் ஒரு பிக்கோ நொடிக்குள், அதாவது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள், தன் காந்தத்தில் கணிசமான பகுதியை இழந்தது. கண்ணுறு ஒளியால் எடுத்த அந்த அளவீடு உண்மையில் காந்தத்தைத்தான் காட்டியதா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. எக்ஸ் கதிரில் அந்த ஐயத்துக்கு இடம் குறைவு. இரும்புக்கு ஏறத்தாழ 707, கோபால்ட்டுக்கு 778, நிக்கலுக்கு 853 எலக்ட்ரான் வோல்ட் எனத் தனிமத்துக்குத் தனிமம் உட்கவர் விளிம்பு (உட்கவர்வு திடீரென உயரும் ஆற்றல்) மாறுவதால், கலப்புலோகத்திலும் ஒவ்வொன்றின் காந்தத்தையும் தனித்தனியே அளக்கலாம்.

எலக்ட்ரான்களை வட்டப்பாதையில் ஓடவிட்டு எக்ஸ் கதிர் பெறும் பெர்லினின் பெஸ்ஸி சிங்க்ரோட்ரானில், எலக்ட்ரான் கொத்திலிருந்து லேசரால் மெல்லிய துண்டை அரிந்தெடுத்து உண்டாக்கிய சுமார் 100 ஃபெம்டோ நொடித் துடிப்புகளைக் கொண்டு, கடோலினியம்–இரும்பு–கோபால்ட் கலவையை ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். இயல்பில் இரும்பின் காந்தமும் கடோலினியத்தின் காந்தமும் எதிரெதிராக நிற்கும். லேசர் பட்டதும் இரும்பு சுமார் 300 ஃபெம்டோ நொடியில் புரண்டுவிட, கடோலினியம் 1.5 பிக்கோ நொடி எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட நேரத்தில் இரண்டும் ஒரே திசையில் நின்றன.