தவளையின் கண்ணிலிருந்து மறைவது எப்படி?

மழை விட்ட இரவில் சரணாலயக் குளத்தை நோக்கி நடக்கிறீர்கள். தூரத்திலேயே காதைத் துளைக்கிறது தவளைக் கச்சேரி. கரைக்குப் பத்தடி இருக்கும்போது, சட்டென்று மொத்தமும் அடங்கிவிடுகிறது. கேமராவை வெளியே எடுக்கும் முன்பே உங்கள் காலடி அவற்றை எட்டிவிட்டது. தவளையின் உள்காதில் சாக்குலஸ் என்றொரு சிறு பை உண்டு. தரையில் ஓடும் மிக மெல்லிய அதிர்வையும் அது உணர்ந்துவிடும்.

சரி, இப்போது என்ன செய்வது? நின்ற இடத்திலேயே நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்று தயங்கித் தயங்கிக் குரல் கொடுக்கும். அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. கச்சேரி களைகட்டிய பிறகு ஓரடி வையுங்கள், மறுபடி நில்லுங்கள். இந்தப் பொறுமைக்குப் பலன் இருப்பதற்குக் காரணம் தவளையின் கண்.

1959இல் லெட்வின், மட்டுரானா, மெக்கல்லக், பிட்ஸ் ஆகிய நால்வர், தவளையின் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பதை விழித்திரையே பெருமளவு சலித்துவிடுகிறது என்று அதில் தெரிந்தது. சில இழைகள், சின்னதாக, கருமையாக ஏதாவது நகர்ந்தால் துடித்தன. அசையாத பின்னணியைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறு சில இழைகள் வெளிச்சம் திடீரென்று மங்கினால் விழித்துக்கொண்டன. அசையாத பூச்சிகள் சுற்றிலும் கிடந்தாலும் தவளை பட்டினி கிடக்கும் என்றும் எழுதினார்கள். ஆக, அசையாத மனிதர் தவளைக்கு ஏறக்குறைய ஒரு மரக்கட்டை. உங்கள் நிழல் மட்டும் அதன் மேல் விழக் கூடாது.

எங்கே தேடுவது? தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தச் சத்தம் வரும் திசையில்தான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அது வாயைத் திறப்பதே இல்லை. பெரும்பாலான இனங்களில் ஆண் தவளை வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, நுரையீரல் காற்றைக் குரல்நாண் வழியாகத் தொண்டைப் பைக்குள் தள்ளுகிறது. அதே காற்று திரும்ப நுரையீரலுக்குப் போகிறது. பை உப்பிய கணத்தைப் பிடிக்க வேண்டுமா? விலாவைக் கவனியுங்கள். விலா சுருங்கும்போதுதான் பை உப்பும். இரண்டு மூன்று முறை பார்த்தால் தாளம் பிடிபட்டுவிடும். ஷட்டரில் விரல் தானாக அழுந்தும்.

அடுத்த சிக்கல், ஈரத் தோல். நேராக அடிக்கும் ஃபிளாஷ் அதில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு போட்டுவிடும். வெளிச்சம் சின்ன இடத்திலிருந்து வருவதுதான் காரணம். முன்னால் ஒரு டிஃப்யூசரை வைத்து வெளிச்சத்தைப் பரப்பினால் திட்டும் மென்மையாகப் பரவும். பகலில், ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மறிக்கும் போலரைசர் என்ற வடிகட்டி உதவும், ஏனென்றால் ஈரப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெருமளவு ஒரே தளத்தில் அதிர்கிறது. ஆனால் அது பாதிக்கு மேல் வெளிச்சத்தை விழுங்கும். பளபளப்பை முழுவதும் துடைத்துவிடவும் வேண்டாம். பளபளப்பில்லாத தவளை ரப்பர் பொம்மை மாதிரி இருக்கும்.

மிக நெருக்கத்தில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸில், ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில், உருவம் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்போது, லென்ஸின் துளை எஃப் 8 அளவில் இருந்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்ணுக்குக் கொடுங்கள். கண் மங்கினால், மற்றதெல்லாம் துல்லியமாக இருந்தும் எனக்கு அந்தப் படம் வேண்டாம்.

நல்ல இலையில் உட்காரவைக்கலாமே என்று தவளையைக் கையில் எடுப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, தோலாலேயே நீரை உறிஞ்சுகிறது. உங்கள் கையில் தடவிய கொசு விரட்டியும் அதே வழியாக உள்ளே போகும். கைட்ரிட் பூஞ்சையும் தோலைத்தான் தாக்குகிறது. உலகெங்கும் பல தவளை இனங்களைச் சரித்த இந்தப் பூஞ்சை, ஈரச் சேற்றோடு பூட்ஸில் ஒட்டிக்கொண்டு குளம் விட்டுக் குளம் போகக்கூடியது. நன்றாகக் காய்ந்தால் செத்துவிடும். அதனால் சேற்றைத் தேய்த்துக் கழுவி, பூட்ஸை முழுக்கக் காயவைத்த பிறகுதான் அடுத்த குளம்.