திரத்தொரீயா: சொல்லும் அதற்கேற்ற தமிழும்

இத்தாலிய நகரங்களில், பெரும்பாலும் ஒரு குடும்பத்தார் தாமே சமைத்துத் தாமே பரிமாறி, அந்தந்த ஊரின் அன்றாட உணவை மிதமான விலைக்குத் தரும் சிறிய உணவகத்துக்குத் ‘திரத்தொரீயா’ என்று பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றி நாம் இதை ‘டிராட்டோரியா’ என்று எழுதிவருகிறோம். ஆனால் நாம் டகரமாக எழுதும் அந்த இத்தாலிய ஒலி, நம் தகரத்தைப் போலவே நாநுனி பல்லைத் தொடப் பிறப்பது. சொல்லின் நடுவே அது இரட்டிக்கிறது. அழுத்தம் ‘ரீ’யின்மேல் விழுகிறது. ஆகவே ‘திரத்தொரீயா’ என்பதே மூல ஒலிக்கு நெருக்கமானது. டகரத்தைச் சொல்லுக்கு முதலில் வைக்க வேண்டிய சங்கடமும் இதனால் தீர்கிறது.

அசல் இத்தாலியம் என்று பலரும் எண்ணும் இச்சொல் உண்மையில் பிரான்சு வழியாக வந்தது. கையாளுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை, பிரெஞ்சில் ஒருவரை நடத்துதல், உபசரித்தல் என்று விரிந்தது. அதிலிருந்து ‘த்ரெத்தேர்’ என்னும் பெயர் பிறந்து, சமைத்த உணவு விற்பவரைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் இவர்கள் தனித் தொழிற்குழுவாகவே இருந்தனர். இத்தாலியர் அதைத் ‘திரத்தோரே’ ஆக்கி, இடத்தைக் குறிக்கும் ‘ஈயா’ விகுதியைச் சேர்த்துக்கொண்டனர்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொற்கள் இரண்டு. ‘ரிஸ்தொராந்தே’ என்பது அச்சிட்ட உணவுப்பட்டியலும் சீருடைப் பணியாளரும் உள்ள பெரிய உணவகம். அதுவும் பிரெஞ்சு இறக்குமதிதான். ‘ஒஸ்தெரீயா’ முதலில் மது விற்கும் இடம். போலோஞா நகரில் 1465 முதல் நடந்துவரும் ‘ஒஸ்தெரீயா தெல் சோலே’யில் இன்றும் குடிக்க மட்டுமே கிடைக்கும், உணவை வருபவர்களே கொண்டுவந்து உண்ணலாம். விருந்தளிப்பவர், விருந்தாளி என்ற இருவரையும் ஒருங்கே குறித்த இலத்தீன் சொல்லே ஒஸ்தெரீயாவின் வேர்; நம் ஊர் ‘ஹோட்டல்’ என்ற சொல்லுக்கும் மூலம் அதுவே. இன்று இந்த எல்லைகள் கலைந்துவிட்டன. மொதேனா நகரில் உணவகங்களுக்கான மிக உயர்ந்த தரமதிப்பாகிய மூன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்ற உணவகம் ஒன்று, ‘ஒஸ்தெரீயா’ என்றே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது.

திரத்தொரீயாவின் இயல்பை அறிய ரோம் நகரைப் பார்ப்பது நல்லது. அங்கே பழைய வழக்கப்படி வியாழக்கிழமை ‘ஞோக்கி’ என்னும் உருளைக்கிழங்கு மாவுருண்டை, வெள்ளிக்கிழமை மீன், சனிக்கிழமை குடல். வெள்ளியன்று இறைச்சி விலக்கும் கத்தோலிக்க நோன்பு இருப்பதால், முந்தைய நாள் வயிறு நிறைய உண்பது என்று வைத்தார்கள். தெஸ்தாச்சோ பகுதியில் 1975 வரை இயங்கிய இறைச்சிக்கூடத்தின் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் குடல், வால், ஈரல் போன்றவை கிடைத்தன. நான்கு கால்பங்காக வெட்டிய இறைச்சி போக எஞ்சியவை என்பதால் அவற்றை ‘ஐந்தாம் கால்பங்கு’ என்றழைத்து, சுற்றியிருந்த எளிய உணவகங்கள் சமைத்துப் பெயர் பெற்றன. தக்காளியும் செலரித் தண்டும் சேர்த்து மணிக்கணக்காக வேகவைக்கும் மாட்டுவால் குழம்பு அவற்றுள் ஒன்று. மேசைவிரிப்பின்மேல் ஒரு தாளை விரித்து, கால் லிட்டர் குடுவையில் அக்கடையின் வழக்கமான மதுவை வைப்பார்கள். சில இடங்களில் கணக்கையும் அத்தாளிலேயே எழுதிக் கூட்டுவதுண்டு.

இக்கடைகளின் பலகையில் அடிக்கடி காணப்படும் சொற்றொடர் ‘குச்சீனா கசலிங்கா’, அதாவது வீட்டுச் சமையல். ஆங்கிலத்தில் மனத்துக்கு இதமான உணவு என்ற பொருளில் வழங்கும் ‘கம்ஃபர்ட் ஃபுட்’ என்னும் தொடரைவிட இது தெளிவானது என்பேன். ஈழத்துத் தமிழர் அடுக்களையைக் குறிக்க வழங்கும் ‘குசினி’, போர்த்துக்கீசியம் வழியாக வந்த, இந்தக் ‘குச்சீனா’வின் உடன்பிறப்பு.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘குடும்ப உணவகம்’ என்று பெயர்ப்பது பிழையான பொருளைத் தரும். நம் வழக்கில் அது குடும்பத்தோடு போய் உண்ணத்தக்க இடமே தவிர, குடும்பத்தார் நடத்தும் இடமன்று. ‘உணவு விடுதி’ என்றால் தங்கும் அறையும் உண்டோ என்ற ஐயம் எழும். செயலளவில் மிக நெருங்கிவருவது ‘மெஸ்’. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் உள்ளவற்றைப் போல, கிழமைக்கொரு பதார்த்தமும் வாடிக்கையாளரின் பெயரறிந்த உரிமையாளரும் அதற்கும் உண்டு. வேறுபாடு நிதானத்தில் இருக்கிறது: திரத்தொரீயாவில் பாஸ்தா, அடுத்து இறைச்சி, பிறகு இனிப்பு என்று இரண்டு மணிநேரம் உட்காரலாம், மெஸ்ஸில் நாம் மோர்ச்சோற்றுக்கு வருமுன்பே நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுவிடுவார். மேலும், ‘மெஸ்’ஸும் தமிழன்று.

பொதுவான எழுத்தில் ‘மனையுணவகம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். வீட்டுச் சமையல், வீட்டார் நடத்துவது ஆகிய இரண்டும் அதில் அடங்கும். ‘அவ்வூர் மனையுணவகம் ஒன்றில் இரவு உணவு உண்டோம்’ என்று எழுதினால் விளக்கமின்றியே விளங்கும். கடையின் பெயரிலேயே அச்சொல் இடம்பெறும்போது மட்டும் பெயர்க்காமல் ‘திரத்தொரீயா’ என்று ஒலிபெயர்த்து எழுதுவது முறை.